சாம்பலோடு சேர்த்த உயரம்

"ஜூன் 24. காலையில் குன்றின் உயரத்தைச் சாம்பலையும் சேர்த்து அளந்துவிட்டேன். தவறு என்னுடையதே." மாலை வகுப்புக் குறிப்பேட்டில் இதை எழுதிவிட்டு, இல்வியா மறுபடியும் உச்சியில் கம்பியைக் குத்துகிறாள். நேற்றிரவு நடுக்கோடைத் திருவிழாவில் மூட்டிய நெருப்பின் சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது; யாரோ கழற்றிப் போட்ட ஓக் இலை மாலை ஓரத்தில் வாடிக் கிடக்கிறது. கம்பி முப்பது சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் மண்ணைத் தொடுகிறது. சாம்பலோடு அளந்தபோது பக்கத்து ஊராட்சியின் குன்றைவிட இருபது சென்டிமீட்டர்தான் அதிகம். மாலை வகுப்புக்காக ஊராட்சியின் வரலாற்றை எழுதுபவள் அவள். அதில் மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது, தேவாலயம் இரண்டு முறை எரிந்திருக்கிறது. பெருமைக்கு இந்தக் குன்று ஒன்றுதான்.

"மாமா, சாம்பலைக் கழிச்சா பத்து சென்டிமீட்டர்ல தோத்துட்டோம்."

தணலை மண் போட்டு மூட மண்வெட்டியோடு வந்த ஊராட்சித் தலைவர் ஓயார்ஸ், வாயிலிருக்கும் சீரகப் பாலாடைக்கட்டியை மென்று விழுங்க மறக்கிறார். "சாம்பல் என்ன வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? அறுபது வருஷமா நம்ம சனம் எரிச்சு எரிச்சு ஏத்துன உயரம்மா! பக்கத்து ஊர்க்காரங்க ஆத்தங்கரையில நெருப்பு மூட்டுனா அது யார் தப்பு?"

"இருந்தாலும் அது மண்ணில்லையே, மாமா."

"அவங்க குன்றை மட்டும் ஒழுங்கா அளந்தியாக்கும்? உச்சியில எறும்புப் புத்து இருக்கும். நாளைக்கு நானும் வர்றேன்." பேசிக்கொண்டே மண்வெட்டியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார்.

இல்வியா குறிப்பேட்டைத் திறக்கிறாள். "நாளை: பக்கத்துக் குன்றை மறுபடி அளக்க வேண்டும். ஓயார்ஸ் மாமாவின் மண்வெட்டியை இன்றே வாங்கி ஒளித்து வைக்க வேண்டும்."