கொடியைக் கொண்டு வாங்க

மழையில் ரப்பர் பால்வெட்டு நின்று கூலி இல்லாமல்போய் வீட்டில் அரிசி இல்லை. அடுப்பில் கிழங்கு கொதிக்கிறது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத் தோண்டி எடுத்து, சுமக்க லேசாக இருக்கட்டும் என்று கொடியை ரப்பர் காட்டிலேயே வெட்டிப் போட்டுவிட்டு வந்தவர் ஸ்டானிஸ்லாஸ். "வள்ளிக்கிழங்குதான்லா, போடு" என்கிறார். அவர் மனைவி ஹில்டா கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள். "எலையப் பாக்காம போட மாட்டேன். வெசக் கெழங்கு கடோங்கா இருந்தா நம்மளப் பொதைக்க யாரு இருப்பா?" அவர் முணுமுணுத்தபடி போய்க் கொடியோடு திரும்புகிறார். ஹில்டா அதை அடுப்பு வெளிச்சத்தில் பிடிக்கிறாள். வள்ளி என்றால் காம்புக்கு ஓர் இலை. இதில் ஒரே காம்பில் மூன்று, தண்டெல்லாம் முள். நஞ்சுக் கடோங்தான். ஸ்டானிஸ்லாஸே கொல்லையில் குழி தோண்டிப் பானையைக் கவிழ்க்கிறார். கொத்த வரும் கோழியைக் கடைக்குட்டி காலித் தட்டைத் தட்டி விரட்டுகிறது.