அடங்காத இருமல்

மகன் வீட்டோடு வெளிநாட்டில் தங்கிவிட மனைவியுடன் வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தணிகாசலம், வாழ்நாளில் முதன்முறையாக ஓர் இருமலுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார். மகன் அவர்களுக்காகப் பார்த்திருந்தது இருப்பதிலேயே மலிவான மருத்துவக் காப்பீடு. நாள்பட்ட இருமல், நெஞ்சுக் கோளாறு உள்ளவர்களுக்குத் தரமாட்டார்கள். கிடைக்காதவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று மகன் சொல்லிவிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் காப்பீட்டுக்காரப் பெண் கேட்டாள்:

“இருமல், மூச்சுத்திணறல் ஏதாவது உண்டா சார்?”

“எனக்கா? நான் கட்டின அணையே இன்னும் விரிசல் விடலைம்மா!”

முழங்கிய முழக்கத்தில் தொண்டை அரித்தது.

“பதிவு பண்ணிக்கிறேன், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.”

அவர் மூச்சைப் பிடித்தார். முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. மகன் தண்ணீரோடு ஓடி வருவதற்குள் வெடித்துவிட்டது.

“யார் சார் அங்க இருமறது?”

தும்மல்கூட அறியாத மனைவி செண்பகவல்லி சட்டென்று போனருகே குனிந்தாள்.

“நான்தாம்மா. பல வருஷமா இருக்கு, விட்டுத் தொலைய மாட்டேங்குது.”

“ஓ, சரிம்மா. சாருக்கு எல்லாம் ஓகே. சார், போனை அம்மாகிட்ட குடுங்க. அவங்களுக்கும் இதே கேள்விகள்தான்.”

செண்பகவல்லி கையை நீட்டினாள். தணிகாசலம் போனை விடவில்லை.