படையல் போத்தல்

“எலும்பைத் திருப்பிப் புதைச்சிடுங்க. சோதனையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!”

பெத்தம்மாள் குழிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். கோயில் தலைவர் வீரமுத்துவுக்கு வந்ததே கோபம்!

“நீ கம்பெனிக்காரன் ஆளாக்கா?”

பெம்பான் பக்கத்தில் அந்தப் பழைய ரப்பர் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளிகள் குடியிருந்த லயமெல்லாம் தரைமட்டம். மாரியம்மன் கோயில் ஒன்றுதான் பாக்கி. அதையும் இடிக்க வந்தபோதுதான் கோயிலுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் எலும்பு கிடைத்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் போத்தல்.

எலும்பு நூறு வருஷத்துக்கு முந்தியது என்று தெரிந்தால் கோயிலை யாரும் தொட முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். வீரமுத்து அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார்.

“அங்கிள், போத்தல் அவ்ளோ பழசா தெரியலையே?” என்றாள் ஆராய்ச்சிக்கு வந்த பவானேஸ்வரி.

“அது படையல் லா! செத்தவங்களுக்குப் பிடிச்ச தண்ணியப் போத்தலோட வைக்கிறது நம்ம வழக்கம். பின்னாடி வந்தவங்க யாராச்சும் வெச்சிருப்பாங்க. நீ பல்லைச் சோதிம்மா. இந்த மண்ணுல இருபது வருஷம் புல்லு மருந்து அடிச்சவன் நான், எனக்குத் தெரியாதா?”

“வேணாம் தம்பி,” என்றாள் பெத்தம்மாள் மறுபடியும். “கோயில் போனாப் போவட்டும்.”

கூட்டமே அவளைக் காறித் துப்பாத குறைதான்.

“உன் யோக்கியதை எனக்கு அப்பவே தெரியும்,” என்று வீரமுத்து கத்தினார். “நான் தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருந்தப்ப என் பெண்டாட்டி அன்னம்மா லோரிக்காரனோட ஓடினாளே, என் பிள்ளையையும் தூக்கிக்கிட்டு! அவளுக்கு உயிர்த்தோழிதானே நீ?”

நாலு பேர் அவளைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள்.

ரெண்டு மாசம் கழித்துப் பவானேஸ்வரி கோயிலுக்கு வந்தாள். போத்தலையும் கொண்டு வந்திருந்தாள். முகமே சரியில்லை.

“சாரி அங்கிள். இது பழைய எலும்பு இல்ல.”

“எப்படிம்மா சொல்றே?”

“ஒரு காலத்துல பெரிய நாடுங்க அணுகுண்டை வெடிச்சு வெடிச்சுப் பார்த்தாங்கல்ல? அப்ப காத்துல ஒரு வகை கார்பன் கூடிப்போச்சு. அதுக்கப்புறம் முளைச்ச பல்லுலதான் அது அவ்ளோ இருக்கும். இதுல இருக்கு. பிள்ளைக்கு நாலு வயசு இருக்கும். பிறந்தது எழுபத்தாறு, எழுபத்தேழு வாக்குல. போலீசுக்கும் சொல்லியாச்சு.”

தோட்டத்தில் அந்த வயசில் காணாமல் போன பிள்ளை ஒன்றே ஒன்றுதான். வீரமுத்துவின் மகன் தேவன்.

வீரமுத்து வெறி பிடித்தவர் மாதிரி எழுந்தார்.

“பாவி! கள்ளப் புருஷனுக்காக என் பிள்ளையைக் கொன்னு புதைச்சிட்டா ஓடினா? எங்க இருந்தாலும் அவளைப் புடிச்சுத் தூக்குல போடச் சொல்லு! ஊருக்கெல்லாம் தெரியட்டும்!”

“வாயக் கழுவுடா!”

அத்தனை நாள் எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டிருந்த பெத்தம்மாள்தான்.

“லோரிக்காரனும் இல்ல, எவனும் இல்ல. பாச்சாங்ல சாப்பாட்டுக் கடையில மங்கு தட்டு கழுவி, தனியாவே கிடந்து செத்தா அவ. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டுப் போனா.”

“அப்ப என் பிள்ளை எப்படிக்கா செத்தான்?”

பெத்தம்மாள் மேசை மேல் இருந்த போத்தலைக் காட்டினாள்.

“அது படையல் இல்லடா. புல்லு மருந்தை வீட்டுக்குக் கொண்டு போவாதீங்கன்னு வேலை வாங்கற மண்டோர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. வாசல் புல்லுக்குன்னு அதை ஆரஞ்சுத் தண்ணிப் போத்தல்ல ஊத்திக் கொண்டாந்து அடுப்படியில வெச்சிட்டுப் போனது யாரு? நீ அங்க காவடி ஆடிக்கிட்டு இருந்த. லயத்து ஜனமே பத்துமலையில. இங்க பிள்ளை தண்ணின்னு நெனச்சுக் குடிச்சிட்டான்.”

வீரமுத்து அந்தப் போத்தலைக் கையில் எடுத்தார்.

பெத்தம்மாள் அழுதுகொண்டே சொன்னாள்:

“உன்னாலதான்னு தெரிஞ்சா மிச்சத்தை நீ குடிச்சிருப்பேன்னு அவளுக்குத் தெரியும். அதான் போத்தலையும் பிள்ளையோட புதைச்சிட்டு, ஓடுகாலிங்கற பேரை வாங்கிக்கிட்டுப் போனா.”