கொசு வராத மாடி

மாடியில் தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்து கிடந்த அறையைக் காற்றாட உட்காரும் இடமாக மாற்ற வேண்டும் என்பது ஓடிலின் நெடுநாள் ஆசை. தச்சன் அல்சீட் மூன்று பக்கச் சுவர்களையும் எடுத்துவிட்டு, மேலே புதுத் தகரக் கூரை போட்டான். லூசியானாவின் சதுப்புநிலக் கொசுக்கள் நுழையாதபடி சுற்றிலும் வலை அடிப்பதுதான் பாக்கி.

“வலை கோணலா இருக்கு அல்சீட், உன் புத்தி மாதிரியே.”

“கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு ஓடில். கோணல் உன் கழுத்துலதான்.”

“இந்த வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்!”

சிரித்ததில் சுத்தியல் அவன் விரலில் விழுந்தது. ஓடில் ஓடிப்போய் ஐஸ் கட்டி கொண்டுவந்து ஒற்றினாள்.

“ஆணி எது, விரல் எதுன்னு தெரியல. நீயெல்லாம் ஒரு தச்சன்!”

சாயங்காலம் வேலை முடிந்ததும் மழை கொட்டியது. வலைக்கு வெளியே சுருட்டிக் கட்டியிருந்த தார்ப்பாய்த் திரைகளை இறக்கிவிட்டார்கள். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

ஓடில் இரண்டு கிண்ணங்களில் சோறும், கம்போ என்னும் கெட்டியான இறால் குழம்பும் கொண்டுவந்தபோது, அல்சீட் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றான்.

“எங்க கிளம்பிட்ட?”

“என் வீட்டுக்குத்தான். விவாகரத்து வாங்கினப்ப ஜட்ஜ்கிட்ட என்ன சொன்ன? ‘இந்த ஆளோட ஒரே கூரைக்குக் கீழ ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன்’னு சொன்னியே, மறந்துட்டியா?”

ஓடில் ஒரு கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“அந்தக் கூரை வேற. இது நீயே புதுசாப் போட்டது. உட்காரு, ஆறிடப்போகுது.”

“காரம் தூக்கலா இருக்குமே” என்று முணுமுணுத்தபடி தொப்பியைக் கழற்றினான் அல்சீட்.