பண்ணையில் அடித்த ஆணி

“சோடியம் பேட்டரிங்கக்கா. உள்ள இருக்கற திரவத்துலயே தீப்புடிக்காத மருந்து கலந்திருக்குதுங்க.”

“கோழிக்குந்தான் சொட்டு மருந்து உட்டோம் தம்பி. நோவு வராமயா போச்சு?” என்கிறாள் வளர்மதி. போன கோடையில், கொட்டகை விளக்குகளுக்கு வைத்திருந்த பழைய பேட்டரி தீப்பிடித்து அவளுடைய கோழிக்கொட்டகையில் பாதி எரிந்துபோனது. கரி படிந்த கம்பிவலை வழியாக வரும் வெயில், பேட்டரி விற்க வந்த கிருபாகரனின் சட்டையில் கட்டம் கட்டமாக விழுகிறது. அவன் தன் பைக்குள்ளிருந்து ஒரு பேட்டரியை எடுத்து, வாசல் கல்லில் வைத்து ஆணி அடிக்கிறான். கோழிகள் ஒரு கணம் சத்தத்தை நிறுத்துகின்றன. ஆணியைச் சுற்றி ஈரம் மட்டும் கசிகிறது, புகை இல்லை. அவன் சிரிக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே முட்டை வாங்க வருகிறவர்கள் நாம் எடுத்து நீட்டும் முட்டையைத் தொடமாட்டார்கள். நடு அட்டையிலிருந்து தாங்களே ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அவன் பையிலிருந்து எடுத்ததில் சார்ஜ் இருந்ததோ என்னவோ; சார்ஜ் இல்லாத பேட்டரி எதுவானாலும் சாதுவாகத்தான் கிடக்கும். கொட்டகையில் மாட்டுவதற்காகக் காலையிலிருந்து அவன் சார்ஜ் ஏற்றிய பேட்டரிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. அவள் அதன் மூடியைத் திறந்து, நடுவரிசைப் பேட்டரி ஒன்றின் மேல் விரலை வைக்கிறாள். கிருபாகரனின் சிரிப்பு உதட்டோரத்தில் மட்டும் மிச்சமிருக்கிறது.

“இதுல ஒரு ஆணி அடிச்சுக் காட்டு சாமி.”