முதல்ல சைலன்சர்

“டூர் போற வண்டி தம்பி. முதல்ல கிராஷ் கார்டும் பெட்டியும் மாட்டிருவோமா?” என்றார் விருதுநகர் பைக் உதிரிபாகக் கடைக்காரர்.

“அதெல்லாம் பொறவு. முதல்ல சைலன்சரை மாத்துங்க. சத்தத்துக்குக் கம்பெனியே வெளிய வரணும்” என்றான் சிவபாண்டி. கம்பெனி என்று அவன் சொன்னது, அந்தக் கம்பெனியில் பில் போடும் அருணாதேவியை. அவனுக்கு நிச்சயமான பெண், மாப்பிள்ளையின் புது வண்டியை இன்னும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் கம்பெனி வாசலில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். டமார், டமார்!

நினைத்தபடியே அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். அருணாதேவிதான் முதலில். சிவபாண்டி தலையைக் கோதிக்கொண்டான்.

அவளோ செருப்புகூட இல்லாமல் அவனைத் தாண்டி, எதிரே இருந்த பொட்டலுக்குத் தலைதெறிக்க ஓடினாள். பின்னாலேயே மொத்தக் கம்பெனியும் ஓடியது.

பட்டாசுக் கம்பெனியில் ‘டமார்’ என்று கேட்டால் யார் நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பொட்டலில் நின்று அருணாதேவி இப்போது வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் ஒரு கல்லோடு.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார்.

“மன்னிச்சிருங்க சார். இப்பவே போய்ப் பழைய சைலன்சரை மாட்டிர்றேன்.”

“அத மட்டும் செஞ்சிராதீக மாப்பிள்ளை! தீ விபத்து ஒத்திகைன்னு சங்கு ஊதுனா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாக. இனி மாசம் ஒருக்கா நீங்களே வந்துட்டுப் போங்க!”