கம்பிக் கதவுக்குள் ஒரு மேசை

டெட்ராய்ட்டின் பழைய காவல் நிலையம் இப்போது உணவு விடுதி. மாலை வெயில் உயரத்து ஜன்னல் வழியே சாய்ந்து, புதிதாகக் கறுப்புப் பூசிய கம்பிகளின் நிழலை வெள்ளை மேசைவிரிப்பின் மேல் கோடு கோடாகக் கிடத்தியிருக்கிறது. வாசலில் யாரோ சாக்ஸபோன் வாசிக்கிறார்கள். வெண்ணெயில் மீன் பொரியும் வாசனை வருகிறது. பார் பக்கம் சிரிப்பு பொங்குகிறது. ஓடெல் இன்னும் உட்காரவில்லை. இளம் வயதில் ஊர்வலம் போன அவரைப் போலீஸ் பிடித்து வந்து அடைத்த அறை இதுதான். பிறந்தநாள் விருந்துக்கு அழைத்து வந்திருக்கும் மகள் ரெனிட்டாவிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

“இந்த டேபிள் கிடைக்கிறதே குதிரைக்கொம்புப்பா. உட்காருங்க.”

பரிமாறும் பெண் கம்பிக் கதவில் கை வைக்கிறாள். “மூடட்டுமா சார்? எல்லாரும் உள்ளே இருந்து போட்டோ எடுத்துப்பாங்க.”

ரெனிட்டா சிரிக்கிறாள். ஓடெலும் சிரிக்கிறார், எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை. சிரித்தபடியே அவருடைய ஷூ முனை கதவிடுக்கில் போய் நிற்கிறது.

“வேண்டாம்மா. மூடினா உள்ளேயிருந்து திறக்க வராது.”

ரெனிட்டாவின் சிரிப்பு பாதியில் நிற்கிறது.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? இந்த ஹோட்டலையே போன மாசம்தானே திறந்தாங்க?”